தறி, தேங்காய், மஞ்சள்: எம்.பி.க்குக் கேள்வி எழுதிக் கொடுத்த அனுபவம்

நாடாளுமன்றத்தில் ஓர் எம்.பி. எழுந்து அமைச்சரைக் கேள்வி கேட்பது டிவியில் ஒரு நிமிடம்கூட வராது. அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் நடக்கிற வேலையில் நான் சில காலம் இருந்தேன். 17-வது மக்களவைக் காலத்தில், கொங்குப் பக்கத்து எம்.பி. ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் கேள்விகளுக்கு வரைவு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. தொகுதியின் ஒரு மூலையில் தென்னந்தோப்பும் தேங்காய்ப் பருப்புக் களமும், நடுவில் மஞ்சள் மண்டி, இன்னொரு மூலையில் விசைத்தறி. கேள்விகளும் அப்படியே கலந்துதான் வரும். காலையில் பஞ்சு இறக்குமதி வரி, மதியம் தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ, சாயங்காலம் ரயில் நிறுத்தம். "எங்க ஊர்ப் பிரச்சினையை டெல்லியில கேட்க வைக்க என்ன செய்யணும்?" என்று இப்போதும் தெரிந்தவர்கள் போன் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதல் வேலை, வருகிற மனுக்களைப் பிரிப்பது. தெருவிளக்கு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காவல் நிலையத்தில் புகார் எடுக்கவில்லை என்பதெல்லாம் எம்.பி. மேசைக்கு வரும். மாநில அரசின் வரம்பில் இருப்பதை மத்திய அமைச்சரிடம் கேட்டால் மக்களவைச் செயலகம் அனுமதிக்காது. அந்த மனுக்களில் கலெக்டருக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ கடிதம் வைத்து அனுப்பிவிடுவோம். சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டு. அதற்கான வழி அங்கே. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டு போகிற அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அதைப் பற்றிப் பேசாத எம்.எல்.ஏ. எங்கள் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்.

நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு இன்னும் சிக்கல். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைக் கேள்வியாக்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடவடிக்கை மாநிலத்துடையது. ஆனால் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஜவுளி அமைச்சகத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கு எத்தனை பணிகள் அனுமதிக்கப்பட்டன, எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்று கேட்கலாம். மத்திய அரசின் பணம், மத்திய அரசின் சட்டம், மத்திய அரசின் நிறுவனம், இந்த மூன்றில் ஒன்றையாவது பிடித்துக்கொண்டால்தான் உள்ளே போக முடியும்.

இனி கணக்கு வழக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், மேற்கொண்டு துணைக் கேள்வியும் கேட்கலாம். எழுத்தில் மட்டும் பதில் வருகிற குறியிடாத கேள்விகள் 230. ஆபீசில் எல்லோரும் 'ஸ்டார்டு', 'அன்ஸ்டார்டு' என்றுதான் சொல்வோம். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு இரண்டும் சேர்த்து ஐந்து நோட்டீஸ்தான் தரலாம். அதில் ஸ்டார்டு பட்டியலில் வருவது ஒன்றுக்கு மேல் போகாது. முழுதாக 15 நாள் இடைவெளி விட்டு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 150 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். ஆகவே கூட்டத்தொடர் தேதி வந்ததுமே ஒரு சார்ட் அடித்துச் சுவரில் ஒட்டிவிடுவோம்: எந்த நாளில் ஜவுளி, எந்த நாளில் வேளாண்மை, அதற்கு நோட்டீஸ் கொடுக்கக் கடைசி நாள் எது.

நான் சேர்ந்த நேரம் கொரோனா. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துப் பதில் மட்டும்தான் என்றார்கள். எம்.பி.க்கு வருத்தம். எனக்கு அது நல்ல பயிற்சியாகப் போயிற்று. அன்ஸ்டார்டு கேள்வியைக் கச்சிதமாக எழுதப் பழகினேன்.

எப்படி எழுதுவது என்பதற்கு நூல் விலை விஷயத்தைச் சொல்கிறேன். விசைத்தறிக்காரர்கள் நான்கைந்து பேர் மனுவோடு வந்தார்கள். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு மொத்தம் 11 சதவீத வரி போட்டிருந்த நேரம். கூலிக்கு நெய்கிறவர்களுக்கு நூல் விலை ஏறினால் பாவு (தறியில் ஏற்றக் கொடுக்கும் நூல்) வராது, பாவு வராவிட்டால் தறி நிற்கும். அவர்கள் எழுதி வந்தது இப்படி: "நூல் விலை உயர்வால் லட்சக்கணக்கான நெசவாளர் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருப்பதை இந்த அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?" மேடையில் பேச அருமையாக இருக்கும். கேள்வியாகக் கொடுத்தால் நிற்காது. வாதம், குற்றச்சாட்டு, அனுமானம், கருத்துக் கேட்பது இதெல்லாம் விதிப்படி கூடாது.

அதையே நாங்கள் மாற்றியது இப்படி: (அ) பஞ்சு இறக்குமதி வரியை நீக்கக் கோரித் தொழில் அமைப்புகளிடமிருந்து மனுக்கள் வந்துள்ளனவா, (ஆ) ஆம் எனில், அவற்றின் விவரமும் எடுத்த நடவடிக்கையும் என்ன, (இ) கடந்த மூன்று ஆண்டுகளில் இறக்குமதியான பஞ்சின் அளவு, ஆண்டு வாரியாக, (ஈ) வரியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் யோசனை உள்ளதா, இல்லையெனில் காரணம் என்ன?

வந்தவர்களில் மூத்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, உப்பே இல்லாம இருக்குதுங்களே?" என்றார். உப்பில்லாததுதான். ஆனால் இதற்கு மழுப்பிப் பதில் சொல்வது கஷ்டம். "மனு வந்ததா" என்றால் வந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். "அளவு என்ன" என்றால் எண் கொடுக்க வேண்டும். அந்த எண் கைக்கு வந்த பிறகு அடுத்த கூட்டத்தொடரில் அதை வைத்தே இன்னொரு கேள்வி. நாங்கள் ஒருவர் மட்டும் கேட்கவில்லை, பல மாநில உறுப்பினர்களும் கேட்டார்கள், தொழில் அமைப்புகள் விடாமல் தட்டின. 2022 ஏப்ரலில் அந்த வரிக்குச் சில மாதங்கள் விலக்கு கொடுத்தார்கள். எங்கள் கேள்வியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மூத்தவர் மட்டும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பதில்களைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கு கேள்வியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயரை அடுக்கியிருப்பார்கள். நாம் கேட்டது கடைசிப் பத்தியில் ஒரு வரியில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. "மாவட்ட வாரியான விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்பது அடிக்கடி வருகிற வரி. அதனால் மாவட்டத்தை விட்டு மாநில வாரியாகவே கேட்பேன். ஆண்டும் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

இதைவிட நல்ல வரி ஒன்று உண்டு: "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்." இதைப் பார்த்தால் பலர் ஏமாற்றம் அடைவார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகப் பதிவாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீட்டிப்புக் கேட்க வேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஆபீசில் ஒரு நீள நோட்டில் இந்த உறுதிமொழிகளை மட்டும் எழுதி வைத்து, தேதி தாண்டியதும் எம்.பி.யிடம் கடிதம் வாங்கி அனுப்புவேன்.

அமைச்சகத்தைச் சரியாகப் பிடிப்பதும் ஒரு வேலை. மஞ்சள் பயிர் வேளாண்மை அமைச்சகத்துக்குப் போகும். ஆனால் மஞ்சள் ஏற்றுமதியையும் வாசனைப்பொருள் வாரியத்தையும் கவனிப்பது வணிக அமைச்சகம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மஞ்சளுக்குத் தனி வாரியம் ஈரோட்டில் வேண்டும் என்று மண்டிக்காரர்களும் விவசாயிகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் கேள்வியாக வைத்தோம். வாரியம் வந்தது, 2025 ஜனவரியில் தொடங்கியது, தலைமையகம் தெலங்கானாவின் நிஜாமாபாத். அந்தப் பக்கத்து உறுப்பினரும் சும்மா இருந்திருக்க மாட்டார் அல்லவா.

இப்போது தேங்காய். 'ரூகோஸ்' சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்டறியப்பட்டது. அங்கிருந்து எங்கள் தோப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை, அதன் கழிவு கீழ் ஓலையில் வடிந்து கரிப்பூசணம் பிடித்து, தோப்பே புகை படிந்த மாதிரி இருக்கும். போதாததற்கு வாடல் நோய். இதை ஸ்டார்டு கேள்வியாகப் போட்டோம். முதல் தடவை குலுக்கலில் பெயர் வந்தும் பயனில்லை. அன்றைக்கு அமளியில் கேள்வி நேரம் முழுக்கப் போய்விட்டது. அப்படி ஆனால் எழுத்துப் பதில் மட்டும் மேசையில் வைக்கப்படும்.

அடுத்த முறை பட்டியலில் முன்வரிசையில் வந்தது. இந்த வரிசைதான் முக்கியம். 11 முதல் 12 மணி வரைக்குள் 20 கேள்வியும் ஓடாது, பெரும்பாலும் முதல் நாலைந்துதான். பட்டியலில் பின்னால் இருந்தால் டீ குடிக்கப் போய்விடலாம்.

கேள்வியைக் கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி கிடைக்கும். முன்னுரை வைத்தால் சபாநாயகர் "கேள்விக்கு வாருங்கள்" என்பார். நாங்கள் இரண்டையும் இரண்டு வரிக்குள் சுருக்கினோம். எம்.பி. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததாகப் பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். தமிழில் கேட்பது என்று முடிவு. மொழிபெயர்ப்பாளர் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அன்று தோப்புக்காரர்கள் சிலர் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள், டிவி முன்னால் பெஞ்ச் போட்டு உட்கார்ந்தோம். முதல் துணைக் கேள்விக்கு, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த 'என்கார்சியா' ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோப்பில் விடப் பரிந்துரைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் டிவியைப் பார்த்தே, "அதையத்தானுங் நாங்க உட்டுப் பாத்தாச்சே" என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது எங்கள் நம்பிக்கை: நோய் தாக்கிய மரத்தை வெட்டி மறுநடவு செய்யத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது? அமைச்சர் கையில் அந்தத் தாள் இல்லை. "விவரத்தை மாண்புமிகு உறுப்பினருக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார். நான் நீள நோட்டை எடுத்தேன். சில வாரம் கழித்து அமைச்சகத்தின் கடிதம் ஆண்டு வாரிக் கணக்கோடு வந்தது. தோப்புக்காரர்கள் அதை நகல் எடுத்து, தோட்டக்கலைத் துறையிடம் மனு கொடுக்கும்போதெல்லாம் இணைத்தார்கள். அதுவரை "அப்படியொரு திட்டமே இல்லைங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு, அதன் பிறகு விண்ணப்பப் படிவம் கிடைத்தது.

கேள்வியின் பலத்துக்கு ஊரெல்லாம் சொல்கிற பழைய உதாரணம், எல்.ஐ.சி. முதலீடு பற்றி எம்.பி.க்கள் கேட்கப் போய் 1958-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டது. எங்கள் காலத்தில் யாரும் பதவி விலகவில்லை. படிவம் கிடைத்ததோடு சரி.

ஒரு விஷயத்தில் எம்.பி. கறார். ஒரு கம்பெனிக்கு மட்டும் லாபம் வருகிற மாதிரி, போட்டியாளரைக் கிண்டுகிற மாதிரிக் கேள்வி எழுதிக் கொண்டு வருவார்கள். பழக் கூடையும் கூடவே வரும். கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவார். கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்று 2005-ல் 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டது நினைவிருக்கும். வரைவு நாங்கள் எழுதினாலும் இணையதளத்தில் பதிவேற்றுவது அவர் கையால்தான், பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது.

ஆக, நீங்கள் மனு கொண்டு போவதாக இருந்தால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, உங்களுக்கு ஏற்கெனவே வந்த பதில் என்ன என்பது அதில் இருக்கட்டும். ஆர்.டி.ஐ. பதில் இருந்தால் நகல் வையுங்கள், வரைவு எழுதுகிறவர் உங்களைக் கும்பிடுவார். அதே கேள்வியை வேறு உறுப்பினர் ஏற்கெனவே கேட்டிருக்கிறாரா என்று நாடாளுமன்றத்தின் 'சன்சாத்' இணையதளத்தில் ஒரு தடவை தேடிவிட்டுப் போங்கள். பழைய பதில்கள் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. மழைக்காலத் தொடர் பெரும்பாலும் ஜூலையில், குளிர்காலத் தொடர் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, பட்ஜெட் தொடர் ஜனவரி முடிவில் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே கொண்டு போய்க் கொடுங்கள். தொடர் ஆரம்பித்த பிறகு வருகிற மனுவை அடுத்த தொடருக்கான கட்டில்தான் வைப்பார்கள்.