பிராடக் நூலகத்தில் இரவல் ஓவியங்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து பேருந்தில் போய் பிராடக்கில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது எட்கர் தாம்சன் உருக்காலை. 1875-இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி தொடங்கிய ஆலை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்தான் வற்றிவிட்டது. ஒரு காலத்தில் 20,000 பேர் இருந்த இடத்தில் இப்போது 2,000 பேர்கூட இல்லை. பூட்டிக் கிடந்த கடைகளைத் தாண்டி நடந்தால், கோட்டை மாதிரி ஒரு கல் கட்டடம். கார்னகி அமெரிக்காவில் திறந்த முதல் நூலகம் அதுதான், 1889-இல்.

உலகம் முழுக்க அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,500-க்கு மேல். அவற்றில் பிராடக்கைத் தேடி நான் வந்ததற்குக் காரணம் அங்கிருக்கும் ஓவியங்கள். 2013-இல் டிரான்ஸ்ஃபார்மேசியம் என்ற கலைஞர் குழு ஓவியங்களை இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் நடந்த கார்னகி இன்டர்நேஷனல் கலைக் கண்காட்சியில் பங்கேற்ற கலைஞர்கள் தங்கள் படைப்புகளைக் கொடுத்தார்கள். அப்புறம் உள்ளூர்க்காரர்கள் வரைந்தவையும் சிறையில் இருப்பவர்கள் வரைந்தவையும் சேர்ந்தன. நூலக அட்டை இருந்தால் போதும், புத்தகத்தைப் போலவே ஓவியத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொள்ளலாம்.

படங்களைப் பார்ப்பதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது கட்டடத்தின் நிலத்தடித் தளத்தைப் பற்றித்தான். அங்கே ஆலைத் தொழிலாளர்களுக்குக் குளியலறை இருந்தது. கரியும் வியர்வையுமாக வருகிறவர்கள் ஒரு சுரங்கவழியில் நுழைந்து, குளித்துவிட்டு மேலே போவார்கள். பிறகு நீச்சல் குளமும் இசை அரங்கமும் வந்தன. நல்ல ஏற்பாடுதான், மறுக்க முடியாது. ஆனால் ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குப் புத்தகம் விரிக்கத் தெம்பு எங்கே மிஞ்சியிருக்கும்? 1892-இல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோம்ஸ்டெட்டில் இருந்த கார்னகியின் இன்னொரு ஆலையில், கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றவர்கள்மீது கூலிப்படை ஏவப்பட்டது. உயிர்கள் போயின. ஆறு வருடம் கழித்து அந்த ஊருக்கும் ஒரு நூலகம் கிடைத்தது. இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. இந்தக் கட்டடத்தைக் கட்டியது கார்னகியின் பணம், காப்பாற்றியது ஊர்க்காரர்கள். 1974-இல் நூலகம் மூடப்பட்டு இடிக்கப்பட இருந்தபோது, அதன் கடைசி நூலகர் ஒரு டாலருக்கு அதை வாங்கிக்கொண்டார். பிறகு ஊர் கூடி, அறை அறையாகத் திறந்தது.

ஓவியங்கள் இருந்த இடத்தில் ஒரு வயதான அம்மா வெகுநேரம் நின்றார். இரண்டு படங்களை எடுத்துப் பார்த்தார், சுவரோரம் சாய்த்து வைத்தார், தள்ளி நின்று மறுபடி பார்த்தார். உதவிக்கு இருந்த பெண் அவசரப்படுத்தவே இல்லை. "உங்கள் வீட்டில் எந்தச் சுவர்?" என்று மட்டும் கேட்டார். சமையலறைச் சுவராம். சரி, அப்படியானால் சின்னது போதும் என்று இருவருமாக முடிவு செய்தார்கள்.

அட்டை அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு என்பதால் நான் வெறுங்கையோடு திரும்பினேன். அந்தச் சின்னப் படம் நீல நிறம், நடுவில் ஒரு நாற்காலி.