இரண்டாவது பென்சில் வட்டம்

என் மாதவிடாய்க் கணக்கு எல்லாம் நாட்காட்டியில் பென்சில் வட்டம்தான். 29 நாள், மிஞ்சினால் 30. பல வருடமாக அப்படித்தான், அதனால் என் உடம்பை எனக்குத் தெரியும் என்று கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

ஆணுறை கிழிந்தது சுழற்சியின் 12-ம் நாள் இரவு. காலையில் முதல் வேலையாக அவசர கருத்தடை மாத்திரை போட்டேன். லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், அவ்வளவு பெரிய அட்டைக்குள் ஒரே ஒரு மாத்திரை. 72 மணி நேரம் அவகாசம் உண்டு என்பார்கள். அதை நம்பி மூன்றாம் நாள்வரை இழுத்தடிக்காதீர்கள், சீக்கிரம் போட்டால்தான் பலன் அதிகம். சற்று நேரத்தில் குமட்டல். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டுமாம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, வரவில்லை.

ஆறு நாள் கழித்து உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. இரண்டு நாள் இருந்தது, ஒரு நாப்கின்கூட முழுதாக நனையவில்லை. எனக்கோ அப்பாடா என்று இருந்தது. வந்துவிட்டது என்று நாட்காட்டியில் வட்டம் போட்டேன். கணக்கு கெட்டது அங்கேதான்.

வழக்கமான தேதி வந்தது, போனது. பழைய வட்டத்திலிருந்து எண்ணினால் 30-ம் நாள், புது வட்டத்திலிருந்து எண்ணினால் 12-ம் நாள். எதை நம்புவது? மேலும் ஒரு வாரம் தள்ளிப்போனதும் விடியற்காலையில் கர்ப்பச் சோதனைப் பட்டை. ஒரு கோடு. இரண்டாவது கோடு மங்கலாக இருக்குமோ என்று விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இல்லை. அதற்கும் இரண்டு நாள் கழித்து மாதவிடாய் வந்தது, வழக்கத்தைவிட அதிகமாக, இடுப்பு வலியோடு.

அன்றே மருத்துவரிடம் போனேன். நாட்காட்டியைப் படம் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் இரண்டாவது வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இதை அழிச்சிடுங்கம்மா. இது மாத்திரையால் வந்த கசிவு" என்றார். அந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போனது பின்னால் வரத்தானே செய்யும்? அப்படியென்றால் மாத்திரை போட்டதற்குப் பிறகு வரும் நாட்கள்தான் ஆபத்து. நானோ அந்த நாட்களைப் "பாதுகாப்பு" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். என்னைக் காப்பாற்றியது மாத்திரை பாதி, அவருடைய பயணம் பாதி.

தினசரி கருத்தடை மாத்திரை தொடங்க அடுத்த மாதவிடாய்வரை காத்திருக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். தேவையில்லையாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட கையோடு தொடங்கி, முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்தினால் போதும். யூலிப்ரிஸ்டல் என்ற மற்ற வகை அவசர மாத்திரை போட்டவர்கள் மட்டும் 5 நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பற்றியும் சொன்னார்: உறவு நடந்த 5 நாளுக்குள் போட்டுக்கொண்டால் அவசர வழிகளிலேயே அதுதான் நிச்சயமானது, அப்படியே பல வருடத்துக்கும் ஆகும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது என் பயம், மற்றபடி அதில் குறை ஒன்றும் இல்லை.

மாத்திரை எழுதும் முன் ரத்த அழுத்தம் பார்த்தார். புகைப்பழக்கம் உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, ஒற்றைத் தலைவலி வரும்போது கண்ணில் மின்னல் கோடு தெரியுமா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. அப்படித் தெரிபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை ஆகாதாம், பக்கவாத அபாயம் கூடும். மாதவிடாய் தொடங்கிய அன்றே ஆரம்பித்ததால் எனக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படவில்லை.

முதல் அட்டையின் நடுவில் மறுபடி பழுப்புக் கறை. முதல் மூன்று மாதம் இப்படி இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார், அதனால் பென்சிலைத் தொடவில்லை.

போன வாரம் ஒரு நாள் இரவு 9 மணி மாத்திரையை மறந்துவிட்டேன். காலை 7 மணிக்குப் பல் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே ஒன்று போட்டேன், இரவு வழக்கமான நேரத்தில் இன்னொன்று. அட்டையில் வியாழனும் வெள்ளியும் ஒரே நாளில் காலியாயின.