மாசிப் பட்டத்துக்குச் சொட்டுநீர்

மாசியில் நடும் கத்தரியும் தக்காளியும் காய்க்கத் தொடங்கும் வேளையில் அக்கினி நட்சத்திரமும் வந்துவிடும் என்பதால், நாற்று நடுவதற்கு முன்பே சொட்டுநீர்க் குழாய்களை விரித்துவிடுவது என் வழக்கம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயில் ஒரு வால்வு, அதையடுத்து வடிகட்டி, அங்கிருந்து பாத்திகளுக்கு 16 மி.மீ. கருப்புக் குழாய்கள், அமைப்பு இவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தரும். எங்கள் தொட்டியோ ஆறு மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த 1 பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று விற்கப்படும் சாதாரண டிரிப்பர் (குழாயில் செருகும் சொட்டுவான்) இங்கே மூன்று லிட்டரை ஒட்டியே சொட்டும். ஆறு நிமிடம் ஒரு டம்ளரில் பிடித்து, அந்த அளவைப் பத்தால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் விலை கூடிய டிரிப்பர்கள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரிவர இயங்காமல் போகலாம் என்பதால், மாடித் தொட்டிக்காரர்கள் அவற்றை வாங்காதிருப்பதே நல்லது.

களிமண்ணில் ஈரம் பக்கவாட்டில் பரவும், மணற்பாங்கான மண்ணில் நேரே கீழிறங்கும்; ஆகவே மணலில் டிரிப்பர்களை நெருக்கமாகச் செருக வேண்டும்.

போர் தண்ணீரின் உப்பு, டிரிப்பரின் வாயில் வெள்ளைப் பொருக்காகப் படியும். அவற்றைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுவதும், வாரம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து கலங்கல் தெளியும்வரை தண்ணீரை ஓடவிடுவதும் போதும்.