சங்கிலிப் புலியும் சாமிக் குதிரையும்

குதிரை வாகனத்தில் முதலில் உடைவது கால். அதுவும் முழங்காலுக்குச் சற்று மேலே, குறுக்காக. காரணம் நார். உடம்புக்கு நார் கழுத்திலிருந்து வாலுக்கு ஓட வேண்டும், காலுக்கு மேலிருந்து கீழே ஓட வேண்டும். ஒரே கட்டையில் இரண்டும் கிடைக்காது. படுத்த கட்டையிலேயே காலையும் செதுக்கினால், தூக்கி இறக்கும்போது ஒரு காலில் பாரம் விழுந்தாலே பிஸ்கட் மாதிரி முறியும். அதனால் காலைத் தனிக் கட்டையில் செய்து உடம்போடு ஒட்ட வேண்டும்.

ஒரு தோட்டத்துக் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்யப் போனபோது, இதைத்தான் அதன் தலைவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேரித் தீவுல அஸ்லிக்காரங்க ஒரே கட்டையில புலி செஞ்சு, சங்கிலியையும் அதுலயே கோத்து எடுக்கிறாங்க. சாமிக்கு மட்டும் ஒட்டா தம்பி?" என்றார்.

மலேசியாவின் கேரித் தீவில் வாழும் பழங்குடியினர் (ஓராங் அஸ்லி) மா மெரி மக்கள். அவர்கள் செதுக்கும் சங்கிலிப் புலியைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டார்கள். சதுப்புக் காட்டில் வளரும் 'ஞிரே பாத்து' என்ற மரம், செம்பழுப்பு நிறம், நல்ல கனம். புலியும் சங்கிலிக் கண்ணிகளும் ஒரே கட்டை, ஒட்டே கிடையாது. கண்ணியின் நீளப் பக்கத்தில் நார் நேராக ஓடும், வளைவில் குறுக்கே வெட்டுப்படும். கண்ணியைக் கண்ணியிலிருந்து விடுவிக்கும்போது உளி கொஞ்சம் அழுந்தினாலும் வளைவுதான் போகும். ஆனால் அந்தச் சங்கிலி எதையும் சுமப்பதில்லை. நம் குதிரை அம்மனைச் சுமக்கிறது, தோளில் ஏறி ஊரைச் சுற்றுகிறது. இதைச் சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் அவர்களுக்கும் அந்தப் புலி ஒரு மூதாதை. 'அழகுப் பொருள், நமக்குப் பொருந்தாது' என்ற தொனியில் நான் பேசியதாக இப்போது படுகிறது.

உடம்பு வேறு கதை. முழு உருண்டைக் கட்டை வெடிக்காமல் காயாது. மரம் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட, வளையத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மடங்கு சுருங்கும். அந்த இழுபறி மையத்திலிருந்து பட்டை வரை பிளந்துதான் அடங்கும். அதனால் மையத்தைத் தவிர்த்துப் பலாவில் 3 அங்குலப் பலகைகளாக அறுத்து, இரு முனையிலும் சாயம் பூசி நிழலில் அடுக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், பூசாவிட்டால் முனையிலிருந்தே விரிசல். காய்ந்தபின் ஒட்டி, வயிற்றுப் பக்கம் குடைந்தால் கனமும் குறையும், வெடிப்பும் குறையும். காலின் தலையில் நாக்கு, வயிற்றில் துளை, குறுக்கே அரை அங்குல மர ஆணி. ஆணி மரம் குதிரையைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது சுருங்கிக் கால் ஆடும். (பால்மரம், அதாவது ரப்பர் மரம், மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாயும், மருந்து ஏற்றாவிட்டால் வண்டு மாவாக்கிவிடும்.)

நார்க் கணக்கு உண்மை. அவ்வளவு பருமனான பலாக் கட்டை கிடைப்பது அரிது, பலகை மலிவு என்பதும் உண்மை. தலைவரிடம் முதலாவதை மட்டும்தான் சொன்னேன். இரண்டாவதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். "சரி, ஒட்டு தெரியாம பண்ணிடுங்க. ஒரே கட்டைன்னு சொல்லிக்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். இங்கேதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். ஒட்டின் இடுக்கை அடைக்க மக்குப் பசை வைத்துத் தேய்த்து வர்ணம் அடிப்பது எல்லா வாகனத்துக்கும் உள்ள வேலை, அதை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் அன்று தலையாட்டியது வர்ணத்துக்கு அல்லவே.

வயிற்றடியில் ஆணித் தலைகள் எட்டையும் மக்கு வைக்காமல் விட்டேன். பழுது பார்க்க வருகிறவன் முதலில் அங்கேதான் தட்டிப் பார்ப்பான், ஆடினால் புது ஆணி அடிப்பான். இது தொழில் காரணம், இதற்கு மேல் எதுவும் இல்லை என்று சொல்லலாம். திருவிழாவில் குனிந்து பார்த்த பையன் ஒருவன் "இது என்னண்ணே பொட்டு?" என்று கேட்டபோது, தலைவர் பக்கத்தில் நின்றிருந்தார். "ஆணிடா" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு யானை வாகனத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், விலைதான் காரணம் என்றார்கள்.