முதலில் மாடிப்படியைக் காட்டுங்கள்

பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு ஏசி, காற்றோட்டக் கணக்கு போடுவது என் பிழைப்பு. முதல் கூட்டத்தில் எல்லாரும் என்னிடம் "எத்தனை டன் சார் வரும்?" என்றுதான் கேட்பார்கள். நானோ வரைபடத்தில் மாடிப்படியைத் தேடிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அது லிப்டுக்குப் பின்னால், கனத்த கதவு போட்ட மூலையில் ஒளிந்திருக்கும்.

அந்தப் படியை வெளிச்சம் விழும் உள்முற்றத்துக்கு இழுத்து வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லிப்ட் கரண்ட் மிச்சமாகும் என்பது சின்ன லாபம். அதைப் பெரிதாகச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உண்மையான லாபம் முற்றத்தில் இருக்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலேறிக் கூரைத் திறப்பில் வெளியேறும். கீழ் ஜன்னல்கள் புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் லெஸ்டரில் 1993-இல் திறந்த குயீன்ஸ் கட்டடத்தில் உயரமான செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. புகைக்காக அல்ல, வகுப்பறைக் காற்றை வெளியே இழுப்பதற்கு. நடந்து கடக்கிற இடம் என்பதால் முற்றத்துக்கு ஏசியும் வேண்டாம். அதே முற்றத்தின் வழியாகத்தான் மூன்றாம் மாடி ஆசாமி முதல் மாடிக்காரரைப் பார்த்து, "அந்த ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்கிறார்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களிலேயே இதை அளந்து காட்டினார். இருவரின் மேசைகளுக்கு நடுவே ஏறத்தாழ 50 மீட்டர் தாண்டிவிட்டால், அவர்கள் வேலை விஷயமாக வழக்கமாகப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. நடுவில் மாடியும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, சிக்கல் எங்கே என்றால், சத்தத்தில். அறைக்காற்று முற்றத்துக்கு வர வேண்டுமானால் கதவுக்கு மேல் திறப்பு வைக்க வேண்டும். அதே திறப்பில் பேச்சும் வெளியே வரும். உள்ளே பஞ்சு ஒட்டிய வளைந்த பெட்டி ஒன்றை அங்கே பொருத்துவோம். காற்று வளைந்து போய்விடும், சத்தம் பஞ்சில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு வளைவும் காற்றையும் தடுக்கும். 12 மீட்டர் உயர முற்றத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், இயற்கையாகக் கிடைக்கும் இழுப்பு 2 பாஸ்கலுக்குக் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கொஞ்சம் மேலே. விசிறி வைத்த காற்றுக்குழாயில் (டக்ட்) நூற்றுக்கணக்கான பாஸ்கலோடு பழகியவனுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆகவே பெட்டியைப் பெரிதாக்கு, பெரிதாக்கு என்று ஆர்க்கிடெக்டின் உயிரை வாங்குவேன்.

கூரையிலும் இதே கதைதான். ஃபால்ஸ் சீலிங் போடாமல் விட்டால் கான்கிரீட் பகல் சூட்டை வாங்கிக்கொள்ளும். ராத்திரி குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் ஆறிவிடும். (இரவும் புழுங்குகிற ஊரில் இது எடுபடாது, அங்கே சீசனைப் பார்த்து ஏசிக்கு மாறத்தான் வேண்டும்.) ஆனால் வெறும் கான்கிரீட் பேச்சைத் திருப்பி எறியும், பத்துப் பேர் பேசினால் சந்தைக்கடைதான். ஒலி உறிஞ்சும் பலகைகளைச் செங்குத்தாக, இடைவெளி விட்டுத் தொங்கவிடுவதுதான் எனக்குப் பிடித்த சமரசம்.

நியூயார்க்கில் 41 கூப்பர் ஸ்கொயர் என்ற கல்லூரிக் கட்டடம் 2009-இல் வந்தது. அதன் பிரதான லிப்டுகள் 1, 5, 8-ஆம் தளங்களில்தான் நிற்கும், மீதியை நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு எல்லாத் தளத்திலும் நிற்கும் லிப்ட் தனியாக உண்டு. இருந்தாலும் இப்படிக் கட்டாயப்படுத்துவது எனக்கு உவப்பில்லை. படி அகலமாக இருந்து, திருப்பத்தில் இரண்டு பேர் யாரையும் மறிக்காமல் நின்று பேச முடிந்தால், ஜனங்கள் தானாக ஏறுவார்கள்.

உண்மையில் மின்சாரத்தைக் குடிப்பது லேப். ரசாயன ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டான ஃபியூம் ஹுட், குளிரூட்டிய காற்றை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் எழுதும் மேசைகளை லேபுக்கு வெளியே, முற்றத்தை ஒட்டிப் போடச் சொல்வேன். அவ்வளவு காற்று தேவைப்படும் பரப்பு சுருங்கும். நாலு குழுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்காருவார்கள். பேராசிரியர்கள்தான் எளிதில் ஒப்ப மாட்டார்கள்: "என் பசங்க என் கண் முன்னாடி இருக்கணும் சார்." அதற்கென்றே நடுச்சுவரைக் கண்ணாடியாகப் போடச் சொல்கிறேன்.