புதுமைப் பெண் பணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி

என் அண்ணன் மகள் விழுப்புரத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். அண்ணன் கொத்தனார். அண்ணி நூறு நாள் வேலைக்குப் போவார், அது இல்லாத நாளில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கப் போவார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன், செஞ்சியில் ஓர் அச்சகத்தில் வேலை. வீட்டில் விண்ணப்பம் நிரப்பவும் கணினியில் தட்டச்சு செய்யவும் தெரிந்தவள் நான் என்பதால் 2024 மே மாதத்திலிருந்து அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை அவளுடைய சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு அலைந்தது நான்தான்.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசின் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, இலவச விடுதி இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது, தேர்வில் தோற்ற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெண்ணைத்தான் காட்டுகின்றன என்று கணினி ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை எதுவும் கைக்கு வராது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே யாராவது உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்திருந்தால் எங்கள் அலைச்சலில் முக்கால் பங்கு குறைந்திருக்கும்.

2024 மே 6ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. அன்றே அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் தொடங்கிவிட்டது. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய்; பட்டியலினப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். ஐம்பது ரூபாயில் ஒரு பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட முடியும் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தனியார் கல்லூரியிலிருந்து வீடு வீடாக வந்து பேசுகிறவர்கள் இதைச் சொல்லப் போவதும் இல்லை.

விண்ணப்பத்தில் சிரமம் இருக்கவில்லை. சிரமம் வருமானச் சான்றிதழில் தொடங்கியது. விடுதிக்கு அது கட்டாயம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரைக் கடந்து, வட்டாட்சியர் நிலைக்குப் போகும். அது மக்களவைத் தேர்தல் நேரம். ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்தும், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை வருவாய்த் துறையினர் பலருக்குத் தேர்தல் வேலைதான். எங்கள் விண்ணப்பம் ஒரு மேசையில் அசையாமல் கிடந்தது. குறுஞ்செய்தி வரும் வரும் என்று காத்திராமல், ரேஷன் கார்டு நகலையும் விண்ணப்ப எண்ணையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தது. சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியில்லை, பழையதைக் காட்ட முடியாது. அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மே மாதம் ஊரே அங்கே நிற்கும்.

"முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிட்டாயா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்க அது வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே இல்லை. தேவையில்லாத தாளுக்காக அலைய வேண்டாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

விடுதி விஷயத்தில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. "வயசுப் பிள்ளையை வெளியே தங்க வைக்க வேண்டாம்மா, இங்கே செஞ்சியிலேயே ஏதாவது பார்க்கலாம்" என்றார். அண்ணி வேறு ஒன்றைக் கேட்டார். அவருடைய சித்தி மகளுக்குக் கல்யாணத்தின்போது அரசாங்கம் தாலிக்குத் தங்கம் கொடுத்தது, நம் பெண்ணுக்கு அது உண்டா என்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம்தான். பிறகு அதில் தங்கமும் சேர்ந்தது, 2016இல் எட்டு கிராம் ஆனது. 2022இல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி 'புதுமைப் பெண்' என்று தொடங்கி வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்கு மாற்றிவிட்டார்கள், அண்ணி, பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் அவள் பெயருக்கே வரும் என்று விளக்கினேன். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அவள் படிக்கட்டும், தங்கத்தை அவளே சம்பாதித்துப் போட்டுக்கொள்வாள்" என்றார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயருக்கு இந்தத் திட்டம்தான் பொருத்தம் என்று எனக்கு அன்று தோன்றியது, இன்றும் அதில் மாற்றமில்லை.

விடுதியை அண்ணனே நேரில் வந்து பார்த்தார். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மாணவியர் விடுதி. தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரி விடுதி மாணவர்களுக்கான உணவுப்படியை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியிருந்தார்கள். மாணவர்கள் என்றால் வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவியருக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. அண்ணன் இதையெல்லாம் கேட்கவில்லை. கழிவறையில் தண்ணீர் வருகிறதா, இரவில் வாசல் கதவை யார் பூட்டுகிறார்கள், காப்பாளர் அங்கேயே தங்குகிறாரா என்று கேட்டார். சுவர் எழுப்பும் மனிதர் அல்லவா, சுற்றுச்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில், "சேர்த்துவிடு" என்று மட்டும் சொன்னார்.

இடம் கிடைத்தது, விடுதி கிடைத்தது. அதற்குப் பிறகு பெயர்.

மதிப்பெண் சான்றிதழில் அவள் பெயரின் ஆங்கில எழுத்துகளில் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' உண்டு. ஆதாரில் அந்த 'ஹெச்' இல்லை. பள்ளியில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால். வங்கிப் புத்தகத்திலோ தலைப்பெழுத்துக்குப் பதில் அப்பாவின் முழுப் பெயர். படித்துப் பார்க்கும் மனிதருக்கு மூன்றும் ஒருத்திதான், கணினிக்கு மூன்று பேர். இது அவள் ஒருத்தியின் கதையல்ல. அந்த ஆதார் மையத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்ற பிள்ளைகள் பலருக்கும் இதே சிக்கல்தான். சிறு வயதில் முகாமில் யாரோ அவசரமாகத் தட்டிய எழுத்துகள் பதினேழு வயதில் வந்து வழி மறிக்கின்றன.

எதை எதற்கேற்ப மாற்றுவது என்பதில் தெளிவு வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் பெயரை மாற்றுவது நீண்ட வேலை. ஆதாரை மாற்றுவது எளிது, அதனால் ஆதாரைத்தான் சான்றிதழுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். புகைப்படம் உள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கொண்டுபோனால் போதும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே தட்டச்சு செய்கிறவர் திரையைக் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகே கைரேகை வைக்க வேண்டும். அங்கே போனபோது இன்னொன்றும் தெரிந்தது. பதினைந்து வயது ஆனதும் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிய வேண்டும், அவளுக்கு அது செய்யப்படவே இல்லை. 15 முதல் 17 வயதுக்குள் என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. அவளுக்கு வயது அந்த வரம்புக்குள் இருந்ததால் ஒரே நாளில் இரண்டையும் முடித்தோம். ஆதார் சரியானதும் வங்கியில் அதைக் காட்டிப் பெயரைத் திருத்தினோம்.

கல்லூரி ஜூலை 3இல் திறந்தது. புதுமைப் பெண் திட்டத்துக்கு நாமாக எங்கும் போய் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்கென்று ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார், அவர் வழியாகவே பதிவு நடக்கும். எந்தப் பள்ளியில் எந்த வகுப்புகள் படித்தாள் என்பதைப் பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண்ணை வைத்துப் பார்த்துவிடுவார்கள். இவளுக்கு ஒரு தடை இருந்தது. இவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ்வழியில். முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்த திட்டத்தை உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவாக்குவதாக 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். பணம் வரத் தொடங்கவில்லை. விடுதியில் அவளுடைய அறைத்தோழிகள் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்கு மாதம் பிறந்தால் ஆயிரம் வந்துகொண்டிருந்தது. "எனக்கு மட்டும் ஏன் இல்லை, அத்தை?" என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிற பிள்ளையும் அதே தெருவில், அதே கூலி வீட்டில் பிறந்த பிள்ளைதானே. இந்த விரிவாக்கம் முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

2024 டிசம்பர் 30ஆம் தேதி தூத்துக்குடியில் அந்த விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்தார்கள். அதற்குள் பொறுப்புப் பேராசிரியர் இவளுடைய விவரங்களையும் வாங்கிப் பதிவு செய்து வைத்திருந்தார். கூடப் படித்த உதவி பெறும் பள்ளிப் பெண்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி வந்தது. இவளுக்கு வரவில்லை. வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் ஒரு வரவும் இல்லை. ஆதார் இணைத்தாகிவிட்டது என்றார்கள் வங்கியில். பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டியது கல்லூரிக் கணினி.

அச்சகத்துக்கு வந்த ஒரு வாடிக்கையாளர்தான் வழி சொன்னார். அரசாங்கப் பணம் நாம் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் அந்த ஆதாரோடு எந்த வங்கி சேர்க்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போய் விழும். வங்கிக் கிளையில் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்வது வேறு, இந்தப் பட்டியலில் சேர்ப்பது வேறு. ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் கடவு எண்ணையும் (ஓ.டி.பி.) கொடுத்துப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். பார்த்தோம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி என்று காட்டியது. வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்ததே நினைவில்லை.

ஊர் அஞ்சல் நிலையத்துக்குப் போனதும் தபால்காரர் அவளைப் பார்த்தவுடனே, "இந்தப் பாப்பாவுக்கு நான்தானே அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன்" என்றார். பதினோராம் வகுப்பில் ஓர் உதவித்தொகைக்காகப் பள்ளிக்கே வந்து விரல் ரேகை வாங்கிக் கணக்குத் திறந்திருக்கிறார். பாஸ்புக் இல்லை, ஒரு கியூ.ஆர். அட்டை மட்டும். அண்ணி அதை என்னவென்று தெரியாமல் ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கணக்கோடு இணைத்திருந்தது அவருடைய பழைய கைபேசி எண். அது எப்போதோ செயலிழந்துவிட்டது. தபால்காரர் தன் கைக்கருவியில் அவள் விரலை வைக்கச் சொன்னார். முதல் தடவை எடுக்கவில்லை, பாவாடையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். திரையில் ஆயிரம் ரூபாயும் சில்லறையும் தெரிந்தது. அந்த மனிதர் எங்களைவிட மகிழ்ந்தார். கைபேசி எண்ணை அங்கேயே மாற்றிக் கொடுத்தார். கணக்கை மாற்ற வேண்டாம், வாசலுக்கே வந்து பணம் தருகிறவர் இருக்கும்போது இதுவே இருக்கட்டும் என்று அவளே முடிவு செய்தாள்.

இடையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவளோடு படித்த பக்கத்து வீட்டுப் பெண் கணக்குப்பதிவியலில் தேர்ச்சி பெறவில்லை. முடிவு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. அவள் அம்மா பயந்து என்னிடம் ஓடி வந்தார். 14416 என்ற மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். கதவுக்கு வெளியே நின்று நாங்கள் பேசினோம், பிறகு கைபேசியை அவளிடம் கொடுத்தோம். நெடுநேரம் பேசினாள். துணைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள், ஆனால் கல்லூரிச் சேர்க்கை கைநழுவிவிட்டது என்று வீட்டில் இருந்துவிட்டாள். சேராமல் விடுபட்ட பிள்ளைகளுக்காகவே நடத்தப்படும் 'உயர்வுக்குப் படி' முகாம் ஒன்றில் ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது. அவளும் இப்போது மாதம் ஆயிரம் வாங்குகிறாள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவியருக்கும் திட்டம் பொருந்தும்.

அண்ணன் மகன் இப்போது பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஆண் பிள்ளைகளுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கோவையில் தொடங்கிவிட்டது, உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டு. அவனுடைய ஆதாரையும் கைரேகையையும் கணக்கையும் போன கோடை விடுமுறையிலேயே சரிபார்த்துவிட்டோம்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் அரையாண்டு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், விடுதியிலிருந்து வந்திருந்தால் அவளும் உட்கார்ந்திருப்போம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசல், ஆதார், வங்கிப் புத்தகம், எமிஸ் எண், ஆதாரோடு இணைத்த கைபேசி இவற்றோடு வந்தால் போதும், சரிபார்த்துக் கொடுப்போம். அந்தக் கைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடவு எண் அதற்குத்தான் வரும்.