பவர் பட்டனும் ஓர் அழிரப்பரும்

ஏழாவது தடவையும் லேப்டாப்பின் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருட்டாகவே நின்றது. தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அதே.

மதுரை டவுன் ஹால் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. முதலில் காட்டிய இடத்தில் 'மதர்போர்டு போச்சு' என்று சொல்லிவிட்டார்கள். மகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான்.

இந்தக் கடை அண்ணன் அவசரப்படவில்லை. சார்ஜரை உருவினார், பேட்டரி இணைப்பைக் கழற்றினார், பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தார். "உள்ள தங்கியிருக்கிற கரண்ட் வடியணும் தம்பி."

அப்புறம் ராம் கார்டை, அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் நினைவக அட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் அதன் தங்கநிறப் பற்களை மெல்லத் தேய்த்தார். வாயால் ஊதவில்லை. எச்சில் ஈரம் பட்டால் அரிக்குமாம். பிரஷ்ஷால் தட்டிவிட்டார்.

ராம் சரியாக உட்காராவிட்டால் லேப்டாப் தொடக்கச் சோதனையையே தாண்டாது. ஆனால் டிஸ்கில் இருக்கும் கோப்புகள் அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் இரண்டு ராத்திரி தூங்கவில்லை நான்.

எத்தனை பேர் இந்த ஒரு தேய்ப்புக்கு முன்னால் புதிது வாங்கியிருப்பார்கள்!

க்ளிக் என்று கார்டு உட்கார்ந்தது. திரையில் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் மகள், முன்பல் இல்லாமல் சிரித்தாள்.